பிறர் எழுதிய நிரலில் பிழையைத் தேடுதல்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் உள்ள சிறிய மென்பொருள் அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் இளைஞர் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் புது நிரல் அன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதி, பின்னர் வேறு சிலர் திருத்தி, இன்றும் ஏதோ ஒரு கடையிலோ கொள்முதல் நிலையத்திலோ ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல்தான் அது. எழுதியவர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ சென்னைக்கோ போயிருப்பார். விளக்கக் குறிப்பு எதுவும் இருக்காது. "நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று பில் தப்பாக வருகிறது" என்ற தொலைபேசி அழைப்பு மட்டும் இருக்கும்.

அந்த அழைப்பு வந்ததும் நிரலை முதல் கோப்பிலிருந்து வரிவரியாகப் படிக்கத் தொடங்குபவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பல்லாயிரம் வரிகள் கொண்ட நிரலில், தவறாக வந்த அந்த ஒரு பில் கடந்து செல்வது சில நூறு வரிகளாகவே இருக்கும். அந்தச் சில நூறு வரிகள் எவை என்பதை ஊகித்துக்கொண்டிராமல், ஓடும் நிரலிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் தடமறிதல். எந்த இடத்திலிருந்து கேட்கத் தொடங்குவது என்பதை அறிகுறிதான் தீர்மானிக்கிறது. ஆகவே கீழே உள்ளவை அறிகுறி வாரியாகவே பிரிக்கப்பட்டுள்ளன.

தொடங்கும் முன்

வாடிக்கையாளரின் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொண்டு, அதன்மேல்தான் நிரலை ஓட்ட வேண்டும். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் நிறுத்தப்புள்ளி, அதாவது நிரலைக் குறிப்பிட்ட வரியில் நிறுத்தும் குறி, வைத்தால், அந்த வரிக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் அங்கேயே நின்றுவிடும். பில் போட வரிசையில் நிற்பவர்களும் நிற்க வேண்டியதுதான்.

அடுத்து, பிழையை உங்கள் கணினியிலேயே வரவழைக்கும் ஓர் உள்ளீட்டைப் பிடியுங்கள். எந்தப் பில், எந்த நேரம், யார் பதிந்தது, என்ன எண்கள் இடப்பட்டன என்பவற்றை வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். "சில நேரம் தப்பாக வருகிறது" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தவறாக வந்த ஒரு பில்லும் சரியாக வந்த ஒரு பில்லும் அருகருகே கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

நிரலுக்குள் நுழையும் வாசலைக் கண்டுபிடிக்க எளிய வழி, திரையில் தெரியும் ஏதேனும் ஒரு சொற்றொடரை மூலநிரல் முழுவதிலும் தேடுவது. "ரசீது பதிவானது" என்று திரையில் வந்தால், அந்தச் சொற்கள் எந்தக் கோப்பில் உள்ளன என்று கிரெப் கட்டளை உடனே காட்டிவிடும். அந்த வரியில் ஒரு நிறுத்தப்புள்ளி வைத்து நிரலை ஓட்டி, நின்றவுடன் அழைப்பு அடுக்கைப் பாருங்கள். எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கு வந்து சேர்ந்தது என்ற முழு வழியும் அதில் இருக்கும். பைத்தான் 3.7 முதல் பிரேக்பாயிண்ட் என்பது உள்ளமைந்த ஃபங்ஷனாகவே வந்துவிட்டதால், வேண்டிய இடத்தில் அதை ஒரு வரியாக எழுதினாலே போதும். சி, சி++ நிரல்களுக்கு ஜிடிபி என்னும் பிழைதேடும் கருவி இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் ஒரு மாறியின் மதிப்பைப் பார்ப்பதற்கு முன், அது என்னவாக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதைத் தாளில் எழுதிவிடுங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். எழுதாமல் பார்ப்பவருக்கு எந்த மதிப்பும் இயல்பாகத்தான் தோன்றும். எழுதிவிட்டுப் பார்ப்பவருக்கோ, தாளில் உள்ளதும் திரையில் உள்ளதும் வேறுபடும் முதல் இடமே தேட வேண்டிய இடமாகிறது.

அறிகுறி: பிழைச்செய்தி காட்டி நிரல் நின்றுவிடுகிறது

அறிகுறிகளில் இதுவே எளியது. நிரல் தன் தடத்தைத் தானே எழுதிவைத்துவிடுகிறது. படிக்கும் திசையை மட்டும் கவனிக்க வேண்டும். பைத்தானில் கடைசியாக நடந்த அழைப்பு அடியில் இருக்கும். ஜாவாவில் அது மேலே இருக்கும், மூலகாரணமோ "காஸ்டு பை" என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதில் இருக்கும். நூலகக் கோப்புகளின் பெயர்களைத் தாண்டி, உங்கள் நிரலுக்குச் சொந்தமான கோப்பின் பெயர் கடைசி அழைப்புக்கு மிக அருகில் எங்கே வருகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

நிரல் விழுந்த வரியும் தவறு பிறந்த வரியும் ஒன்றாக இருப்பது அரிது. வாடிக்கையாளரின் பெயர் இருக்க வேண்டிய மாறியில் "நன்" என்ற வெறுமை இருந்ததால் விழுந்தது என்றால், கேட்க வேண்டிய கேள்வி அந்த வெறுமையை உள்ளே அனுப்பியது யார் என்பதுதான். நிரலைப் பைத்தானின் பிழைதேடும் கருவியான பிடிபி வழியாக ஓட்டினால் விழுந்த இடத்திலேயே அது நின்று, மாறிகளைக் காட்டும். "அப்" கட்டளையால் ஒவ்வொரு படியாக மேலே ஏறி, எந்தப் படியில் மதிப்பு இருந்தது, எந்தப் படியில் இல்லாமல் போனது என்று பார்க்கலாம். விழுந்த வரியில் மட்டும் "வெறுமையாக இருந்தால் விட்டுவிடு" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்து மூடிவிடுவது திருத்தம் ஆகாது. அது பிழையை அடுத்த அறிகுறிக்கு நகர்த்தும் செயல்.

அறிகுறி: பிழைச்செய்தி இல்லை, ஆனால் வேலையும் நடக்கவில்லை

யாரோ பிழையைப் பிடித்து விழுங்கியிருக்கிறார்கள். "எக்செப்ட்" அல்லது "கேட்ச்" என்ற சொல்லை நிரல் முழுவதும் தேடி, அதன்கீழ் ஒன்றுமே செய்யாத இடங்கள் ஒவ்வொன்றிலும் பிழையை முழு அழைப்பு அடுக்குடன் லாகில் எழுதும் வரி ஒன்றைச் சேர்த்து, மீண்டும் ஓட்டுங்கள். பெரும்பாலும் அடுத்த ஓட்டத்திலேயே மேலே சொன்ன முதல் அறிகுறியாக அது மாறிவிடும்.

அறிகுறி: நிரல் ஓடுகிறது, எண் தவறாக வருகிறது

இதுதான் கடினமானது, பணத்தைத் தொடுவதும் இதுவே. தமிழ்நாட்டில் ரப்பர் விளையும் முதன்மையான மாவட்டம் கன்னியாகுமரி. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் கொள்முதலுக்கு ஒரு நிரல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலின் எடையை டிஆர்சி எனப்படும் உலர் ரப்பர் சதவீதத்தால் பெருக்கி உலர்ந்த ரப்பரின் எடையைக் கண்டு, அதை அன்றைய விலையால் பெருக்கித் தொகை போட வேண்டும். தொகை குறைவாக வருகிறது என்று விவசாயி சொல்கிறார்.

முதலில் சோதனைக்கான எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 கிலோ, 100 ரூபாய் போன்ற பூஜ்யத்தில் முடியும் எண்களைக் கொடுத்தால், வெளியே வரும் எண் எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியாது. எடை 41 கிலோ, டிஆர்சி 37 சதவீதம், விலை 211 ரூபாய் என்பதுபோல் பகா எண்களாகக் கொடுங்கள். உலர்ந்த எடை 15.17 கிலோவும், தொகை 3200 ரூபாய் 87 காசும் வர வேண்டும். இவற்றைத் தாளில் எழுதியாயிற்று. நிரலை ஓட்டினால் 3165 ரூபாய் வருகிறது.

இப்போது விடையிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். 3165 என்ற எண் 211 ஆல் மீதியின்றி வகுபட்டு 15 தருகிறது. அப்படியானால் விலை சரியாகவே பெருக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே 15.17 என்ற எடை 15 ஆகக் குறுகிவிட்டது. மூலநிரலைத் திறப்பதற்கு முன்பே, தேட வேண்டிய பகுதி எடைக் கணக்கு மட்டும்தான் என்று தெரிந்துவிட்டது.

அங்கே நிறுத்தப்புள்ளி வைத்துப் பார்த்தால், எடையும் டிஆர்சியும் முழு எண் வகையில் அறிவிக்கப்பட்டிருக்கும். ஜாவாவிலும் சி மொழியிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதி வெட்டப்படும். 41 ஐ 37 ஆல் பெருக்கினால் 1517. அதை 100 ஆல் வகுத்தால் 15, மீதி 17 காணாமல் போகும். இதே கணக்கில் 37 ஐ முதலில் 100 ஆல் வகுத்திருந்தால் விடை பூஜ்யமாகி, முதல் நாளே யாராவது கவனித்திருப்பார்கள். வரிசை மாறியிருந்ததால், சரியானதுபோலவே தோன்றும் ஓர் எண் வந்து, ஒவ்வொரு ரசீதிலும் விவசாயியின் பக்கம் ஒரு கிலோவுக்குள் எடை குறைந்துகொண்டே இருந்திருக்கும். டிஆர்சியை அளக்கும் மெட்ரோலாக் கருவி காட்டும் அளவு முழு எண்ணாகவே குறிக்கப்படுகிறது என்று நினைத்து, தசம வகையாக இருந்ததை யாரோ முழு எண்ணாக மாற்றியிருக்கக்கூடும். வகையை மாற்றும்போது மிதவைப் புள்ளி எண்ணுக்குப் போகாதீர்கள், அதில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் சரியாக 0.3 வராது. பணக்கணக்கிற்குத் தசம எண்களுக்கென்றே உள்ள வகையைப் பயன்படுத்துங்கள்.

இப்படி விடையே வழிகாட்டாத இடங்களில் வழியை நடுவில் பிளக்க வேண்டும். உள்ளீட்டிற்கும் வெளியீட்டிற்கும் ஏறத்தாழ நடுவே உள்ள ஒரு ஃபங்ஷனில் மதிப்பைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பிழை பிற்பாதியில். தவறாக இருந்தால் முற்பாதியில். எட்வர்ட் காஸ் என்பவர் 1982இல் இந்த முறைக்கு ஓநாய் வேலி என்று பெயரிட்டார்: அலாஸ்காவில் ஒரே ஓர் ஓநாய் இருந்தால், நிலத்தின் குறுக்கே வேலி போட்டு, எந்தப் பக்கம் ஊளை கேட்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை மீண்டும் பிளக்க வேண்டும். நிரலின் உள்ளமைப்பு தெரியாதவருக்கும் இது உதவும் என்பதால்தான் பிறர் எழுதிய நிரலில் நான் இதை முதலில் கையில் எடுக்கச் சொல்கிறேன்.

ஒரு பில் சரியாகவும் இன்னொன்று தவறாகவும் வந்தால், பைத்தானின் ட்ரேஸ் என்னும் கூறு கைகொடுக்கும். ஓடும் ஒவ்வொரு வரியையும் அச்சிடச் சொன்னால் அது படிக்க முடியாத அளவுக்குக் கொட்டிவிடும். அழைக்கப்பட்ட ஃபங்ஷன்களின் பட்டியலை மட்டும் கேளுங்கள். நல்ல உள்ளீட்டிற்கு ஒரு பட்டியல், கெட்ட உள்ளீட்டிற்கு ஒரு பட்டியல் எடுத்து இரண்டையும் டிஃப் கட்டளையில் ஒப்பிட்டால், ஒன்றில் மட்டும் வரும் ஃபங்ஷன் தனியே தெரியும்.

அறிகுறி: சில பதிவுகள் மட்டும் முந்தைய நாள் தேதியில் விழுகின்றன

தோவாளைப் பூச்சந்தையில் வியாபாரம் விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். அதிகாலை 4 மணிக்குப் போட்ட பில் முந்தைய நாள் கணக்கில் ஏறியிருக்கிறது என்று ஒரு கடைக்காரர் சொன்னால், தவறான பதிவுகளையும் சரியான பதிவுகளையும் நேர வாரியாக அடுக்கிப் பாருங்கள். எல்லை எங்கே விழுகிறது என்பதுதான் விடை. அது காலை 5.30 ஆக இருந்தால், நேரம் எங்கோ உலகப் பொது நேரமாக எடுக்கப்பட்டு, இந்திய நேரமாக மாற்றப்படாமலேயே தேதியாக வெட்டப்படுகிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னே இருப்பதால், 4 மணி என்பது அங்கே முந்தைய இரவு 10.30 ஆகிறது. எல்லை மாலை 6.30 ஆக இருந்து, அதற்குப் பிந்தைய பதிவுகள் அடுத்த நாளுக்குத் தாவினால், மாற்றம் இரண்டு முறை நடக்கிறது.

பகலில் மட்டும் திறக்கும் கடையில் முதல் வகைப் பிழை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். ஆகவே "மற்ற கடைகளில் இப்படி வரவில்லையே" என்பது நிரல் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

எல்லை தெரிந்தபின் தடம்பிடிக்க வேண்டியது ஒரே ஒரு மதிப்பை: நேரம் உருவான வரி, அது தரவுத்தளத்திற்குப் போன வரி, திரும்பி வந்த வரி, தேதியாக வெட்டப்பட்ட வரி. நான்கிலும் அதை நேர மண்டலத்துடன் சேர்த்து அச்சிடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை உலகப் பொது நேரமாகச் சேமிக்கப்பட்டு, இணைப்பின் நேர மண்டலத்திற்கு ஏற்ப மாற்றித் தரப்படுகிறது; டேட்டைம் வகை கொடுத்தபடியே இருக்கிறது. ஒரே நிரலில் இரண்டும் கலந்திருப்பதைப் பழைய அட்டவணைகளில் அடிக்கடி காணலாம்.

அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் சிதைகின்றன, அல்லது தேடினால் கிடைப்பதில்லை

சிதைவின் தோற்றமே பிழையின் இடத்தைச் சொல்லும். கட்டங்கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. தரவு நலமாக இருக்கிறது. சேமித்த தரவிலேயே கேள்விக்குறிகள் இருந்தால், தமிழே இல்லாத ஒரு குறியாக்கத்திற்குள், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றும் முறைக்குள், எழுத்துகள் தள்ளப்பட்டு அழிந்துவிட்டன. அவற்றை மீட்க முடியாது, மேலும் அழியாமல் தடுக்கத்தான் முடியும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்திற்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகள் லத்தீன் குறியாக்கமாகப் படிக்கப்படுகின்றன. பெரும்பாலும் இதை மீட்டுவிடலாம்.

கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கைமாற்றத்திலும் பைட்டுகளைப் பாருங்கள். "க" என்ற எழுத்து யூடிஎஃப்-8 இல் 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகளாக இருக்க வேண்டும். படிவத்திலிருந்து வந்தபோது அப்படி இருந்து, அட்டவணையில் 195, 160, 194, 174 என்று தொடங்கினால், இணைப்பில் இரண்டாவது முறை குறியாக்கம் நடந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் ஹெக்ஸ் ஃபங்ஷன் அட்டவணையில் உண்மையாக இருப்பதைப் பதினாறடிமான எண்களில் காட்டும்.

இன்னொரு வகை இதைவிட நுட்பமானது. பட்டியலில் "தோவாளை" கண்முன்னே இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது நிரல். இரண்டு சொற்களின் நீளத்தையும் பைத்தானில் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று 6 என்றும் மற்றொன்று 7 என்றும் வந்தால் காரணம் புரிந்துவிடும். ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பீட்டில் வேறு. கோட்டாறு, கொல்லங்கோடு, நாகர்கோவில் என்று இம்மாவட்டத்தில் பல ஊர்ப் பெயர்களில் இந்தக் குறிகள் வருகின்றன. உள்ளே வரும் எல்லாச் சொற்களையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்திற்கு இயல்பாக்கிவிட்டுச் சேமித்தால் இது தீரும். ஏற்கெனவே சேமித்தவற்றையும் ஒருமுறை இயல்பாக்க வேண்டும்.

அறிகுறி: நிரல் உறைந்து நிற்கிறது

டாப் கட்டளையில் பாருங்கள். கணினியின் மையச் செயலகம் (சிபியு) முழு வேகத்தில் ஓடினால் நிரல் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓடாமல் இருந்தால் எதற்கோ காத்திருக்கிறது.

சுற்றும் நிரலின் அழைப்பு அடுக்கைச் சிறு இடைவெளிகளில் பலமுறை எடுங்கள். பைத்தானுக்குப் பை-ஸ்பை, ஜாவாவுக்கு ஜேஸ்டாக் என்ற கருவிகள் நிரலை நிறுத்தாமலேயே இதைச் செய்யும். எல்லாப் பிரதிகளிலும் மாறாமல் நிற்கும் ஃபங்ஷன்களில் கடைசியாக அழைக்கப்பட்டதற்குள்தான் பெரும்பாலும் முடிவில்லாத சுற்று இருக்கும்.

காத்திருக்கும் நிரலை லினக்ஸில் எஸ்ட்ரேஸ் கொண்டு பாருங்கள். கடைசி வரியில் முடியாமல் நிற்கும் இயங்குதள அழைப்பு எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும். வலையிலிருந்து படிக்கும் அழைப்பு என்றால் மறுமுனை பதில் தரவில்லை. பைத்தானில் பரவலாகப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில், நீங்களாகக் குறிப்பிடாவிட்டால் கால வரம்பே கிடையாது என்பதால், குறுஞ்செய்தி அனுப்பும் சேவை ஒன்று பதில் தராமல் போனாலே பில் திரை முழுவதும் உறைந்துவிடும்.

அறிகுறி: நேற்று சரியாக இருந்தது, அல்லது திருத்தியும் மாறவில்லை

நிரலில் செய்த மாற்றங்களைப் பதிப்பு வாரியாகச் சேமிக்கும் கிட் இருந்தால் நிரலைப் படிக்கவே வேண்டாம். பைசெக்ட் கட்டளையிடம் நல்ல பதிப்பு எது, கெட்ட பதிப்பு எது என்று சொல்லுங்கள். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 10 சோதனைகளில் பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தை அது காட்டிவிடும். கிட் இல்லாத இடத்தில் பழைய பிரதிக் கோப்புறைகளை டிஃப் கொண்டு ஒப்பிடலாம்.

திருத்தம் பலிக்கவில்லை என்றால், நீங்கள் திருத்தும் கோப்பில் வேண்டுமென்றே ஓர் இலக்கணப் பிழையை எழுதி ஓட்டுங்கள். அப்போதும் நிரல் விழாமல் ஓடினால், ஓடுவது வேறொரு பிரதி.

அறிகுறி: எப்போதாவது மட்டும் வருகிறது, பார்க்கப் போனால் மறைகிறது

அச்சிடும் வரியைச் சேர்த்ததும் மறைந்துபோகும் பிழைகளுக்கு, ஜிம் கிரே 1985இல் எழுதிய அறிக்கை முதல், ஹைசன்பக் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. பெரும்பாலும் இது நேரப் போட்டி: இரண்டு செயல்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொடுகின்றன, அச்சிடுவதற்கு ஆகும் சிறு தாமதமே அவற்றை விலக்கிவிடுகிறது.

குளச்சல் போன்ற துறைமுகத்தில் பல படகுகள் ஒன்றாகக் கரை சேரும்போது, ஏலத் தொகையை இரண்டு மேசைகளில் இருவர் பதிகிறார்கள் என்று கொள்வோம். சில நாள்களில் இரண்டு ரசீதுகளுக்கு ஒரே எண் வருகிறது. ரசீது எண் உருவாகும் வரியைத் தேடினால், அட்டவணையில் உள்ள மிகப் பெரிய எண்ணைப் படித்து, ஒன்றைக் கூட்டி, எழுதும் நிரல்துண்டு கிடைக்கும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே மற்றவர் புகுந்துவிடுகிறார் என்பது ஊகம். இந்த ஊகத்தைச் சோதிக்க, காத்திருந்து பார்க்காமல், உங்கள் பிரதியில் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே சில விநாடித் தூக்கத்தைச் செருகி, அந்தத் தூக்கம் முடிவதற்குள் இரண்டு உலாவிகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பதியுங்கள். எப்போதாவது வந்த பிழை இப்போது ஒவ்வொரு முறையும் வந்தால் ஊகம் உறுதியாயிற்று. வராவிட்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்து, வேறு எங்கெல்லாம் அதே அட்டவணை எழுதப்படுகிறது என்று தேடுங்கள். சி, சி++ நிரல்களில், மொசில்லாவில் உருவான ஆர்ஆர் என்னும் கருவியால் ஓர் ஓட்டத்தைப் பதிவுசெய்து, அதே ஓட்டத்தைப் பின்னோக்கியும் நடத்திப் பார்க்கலாம்.

ரசீது எண்ணைத் தரவுத்தளமே தரும்படி மாற்றி, அட்டவணையில் அந்த எண்ணுக்குரிய நெடுவரிசையில், ஒரே எண் இருமுறை வராமல் தடுக்கும் தனித்துவக் குறியீட்டையும் சேர்ப்பதுதான் திருத்தம். அட்டவணையில் ஏற்கெனவே இரட்டை எண்கள் இருந்தால் அந்தக் குறியீட்டைத் தரவுத்தளம் ஏற்காது. அவற்றைப் பட்டியலிட்டு, எந்த ரசீதுக்கு எந்த எண் என்பதை வாடிக்கையாளரின் கணக்குப் பேரேட்டுடன் ஒப்பிட்டு அவர் முடிவு செய்த பிறகே எண்களை மாற்ற வேண்டும். அச்சிட்ட ரசீது படகுக்காரர் கையில் ஏற்கெனவே இருக்கிறது.